படகுக்கு எந்தப் பிசின்? விலையைக் கேட்கும் முன் படகைத் தொட்டுப் பாருங்கள்

சென்ற ஆண்டு நிபோங் திபாலிலிருந்து ஓர் அண்ணன் தம் படகை டிரெய்லரில் ஏற்றி, பினாங்கின் இரண்டாவது பாலத்தைத் தாண்டி பத்து மாவுங்கில் உள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பதினான்கு அடி பிளைவுட் படகு. கிரியான் ஆற்றில் தூண்டில் போடுவதற்காக, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கியது. எட்டு மாதங்களுக்கு முன் தாமே உட்கார்ந்து அடிப்பக்கம் முழுவதும் ஃபைபர் போட்டிருக்கிறார், அதாவது கண்ணாடி இழையைப் பிசின் ஊற்றி ஒட்டியிருக்கிறார்.

"ஓர் ஓரம் மட்டும் லேசாக எழும்பியிருக்கிறது, தம்பி. அதை மட்டும் ஒட்டிக் கொடுத்தால் போதும்" என்றார்.

அந்த ஓரத்தில் பட்டைக்கத்தியைச் செருகினேன். நெம்பவே தேவைப்படவில்லை. ஒரு முழ அகலத்துக்கு, வாழை மட்டை உரிவதுபோல் ஃபைபர் உரிந்து வந்தது. அதன் உட்புறத்தில் மரத்தின் ரேகை அச்சுப்போல் பதிந்திருந்தது. ஒரு சிராய்கூட அதோடு ஒட்டி வரவில்லை. பிசின் மரத்தைப் பிடிக்கவே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கீழே பிளைவுட் கறுத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது.

அவர் வாங்கியது பாலியெஸ்டர் பிசின். "படகுக்கு எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்று கடையில் சொன்னார்களாம். அது பொய்யில்லை. அச்சில் வார்த்து எடுக்கும் ஃபைபர் படகுகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டரால் ஆனவைதாம். ஆனால் இவருடையது மரப்படகு. எந்தப் படகு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் கோபப்படுவது அந்தக் கேள்வி கேட்கப்படாததற்காகத்தான்.

பாலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 7 விழுக்காடு சுருங்குகிறது. இறுகியபின் விறைப்பாக நிற்கும். மரமோ ஈரத்தில் உப்பும், வெயிலில் வற்றும். ஒன்று அசைய, மற்றொன்று அசைய மறுக்க, ஏற்கெனவே பலவீனமான பிடிப்பு விட்டுப்போகிறது. பிறகு அந்த இடுக்கில் புகுந்த நீர் வெளியேற வழியில்லை. ஃபைபர் போடாமல் வெறும் வண்ணம் பூசி வைத்திருந்தால்கூட அந்தப் பலகை இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கும். நம் பக்கத்துப் பழைய மரப்படகுகளில் பலகை இடுக்குகளைக் கெலாம் மரப்பட்டையாலும் எண்ணெயில் குழைத்த குங்கிலியத்தாலும் அடைத்தார்கள். மரத்தோடு சேர்ந்து அசையும் பொருள் வேண்டும் என்பது அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

மரத்துக்கு எப்பாக்சி என்ற வேறு வகைப் பிசின். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. விலை இரண்டு மூன்று மடங்கு ஆகும். ஆனால் அது மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கும், மிகக் குறைவாகவே சுருங்கும், ஈரத்தையும் நன்றாகத் தடுக்கும்.

உங்களுடையது ஃபைபர் படகாக இருந்தால் கதை வேறு. நீர்மட்டத்துக்கு மேலே சிறு கீறல், ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சின் பெயர்ச்சி என்றால் பாலியெஸ்டரே போதும். வீண் செலவு செய்ய வேண்டாம். ஓட்டை விழுந்திருந்தால், அல்லது பழுது நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் நான் எப்பாக்சியைத்தான் எடுப்பேன். பழைய, இறுகிப்போன பாலியெஸ்டர்மீது புதிய பாலியெஸ்டரைவிட எப்பாக்சி உறுதியாகப் பிடிக்கும். எதைப் பூசினாலும் ஓட்டையின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்: தடிப்பைப் போல் 12 மடங்கு அகலம். 3 மில்லிமீட்டர் தடிப்புக்குச் சுற்றிலும் 36 மில்லிமீட்டர். எப்பாக்சி போட்ட இடத்தில் மறுபடி பாலியெஸ்டரோ சாதாரண ஜெல்கோட்டோ போடாதீர்கள்; சரியாகப் பிடிக்காது. மேலே, இரண்டு பகுதிகளாக வந்து கலந்து பூசும் பாலியூரித்தேன் பெயிண்ட் பூசுங்கள்.

நறுக்கிய கண்ணாடி இழைகளாலான விரிப்பான மேட்டிலும் கவனம் தேவை. அதை இணைத்து வைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எப்பாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் இளகாமல், வளைவுகளில் விறைத்துக்கொண்டு நிற்கும். எப்பாக்சிக்கு நெய்த துணியோ தைத்த துணியோ வாங்குங்கள்.

வினைல் எஸ்டர் என்ற மூன்றாம் பிசின் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. நீரில் நெடுங்காலம் கிடக்கும் ஃபைபர் படகின் அடிப்பக்கத்துக்கு நல்லது. டின்னில் நீண்ட நாள் தாங்காது என்பதால் தேதி பார்த்து வாங்க வேண்டும்.

எப்பாக்சியில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, பாலியெஸ்டர் பழக்கத்தை அதிலும் காட்டுவது. பாலியெஸ்டரில் ஊற்றும் வினையூக்கியின் வேலை இறுகுதலைத் தொடக்கி வைப்பது. 1 முதல் 2 விழுக்காடு வரை, வெயிலுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். பினாங்கின் நண்பகலில் நான் 1 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. எப்பாக்சியோடு கலக்கும் இறுக்கியான ஹார்டனர் அப்படியல்ல. அது பிசினோடு கைகோத்து, இறுகிய பொருளின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் மிஞ்சிய ஹார்டனருக்குக் கோத்துக்கொள்ளத் துணை இல்லை. மழை வருகிறதே என்று ஒரு கை அதிகமாக ஊற்றிய தம்பி ஒருவரின் படகு, மூன்று வாரம் கழித்தும் பாகுபோல விரலில் ஒட்டியது. அத்தனையையும் சுரண்டி எடுத்தோம். டின்னில் பிசினுக்கும் ஹார்டனருக்கும் 2:1 என்று இருந்தால் 2:1தான். அந்த அளவு எடைக்கா, கன அளவுக்கா என்பதையும் படியுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

நம் வெப்பத்துக்கு மெதுவாக இறுகும் ஹார்டனர்தான் சரி. வெப்பம் 10 பாகை கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். கலந்ததை ஆழமான டப்பாவில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். தட்டையான தட்டில் பரப்பி ஊற்றிக்கொள்ளுங்கள். மரத்தில் முதல் பூச்சை மாலையில் பூசுங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் உள்ள காற்று விரிந்து வெளியேறி, பூச்சு முழுக்கக் குமிழியாகும். மாலையில் மரம் குளிரும்போது அது பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் மேலே மெழுகுபோல வழுக்கும் படலம் தெரிந்தால் நம் ஈரக்காற்றில் அது இயல்பு. முதலில் நல்ல தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத்தாள் அதற்குப் பிறகுதான். வெயில் எப்பாக்சியை அரிக்கும், ஆகவே பெயிண்ட் கட்டாயம். வெளிர் நிறமாக இருக்கட்டும். சாதாரண எப்பாக்சி 50, 60 பாகைச் சூட்டில் இளகத் தொடங்கலாம். கறுப்புத் தளம் நம் வெயிலில் அந்தச் சூட்டை எளிதில் எட்டும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், மேசை வார்க்கவும் கைவினைப் பொருள் செய்யவும் விற்கும் தெளிந்த எப்பாக்சியைப் படகுக்கு வாங்காதீர்கள். பெயர் ஒன்றுதான். எஞ்சினைத் தாங்கும் பின்பலகையை நம்பி ஒப்படைக்க அது செய்யப்படவில்லை. பின்பலகையில் போல்ட் துளைகள்தாம் நீர் புகும் வாசல். துளையைப் பெரிதாகக் குடைந்து, சிலிக்காத் தூள் சேர்த்துக் கெட்டியாக்கிய எப்பாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். போல்ட் வழியாகப் புகும் நீர் மரத்தைத் தொடாது.

நிபோங் திபால் அண்ணனின் படகை நல்ல தண்ணீரில் கழுவி, கூரையின் கீழ் ஐந்து வாரம் காயவைத்தேன். காய்ந்ததா என்று அறிய, தெளிந்த பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடா ஒட்டி வைத்து, மறுநாள் உட்புறத்தில் வியர்வை படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு முறை படிந்திருந்தது. மூன்றாம் முறைதான் தாள் உலர்ந்து வந்தது. அடிப்பலகையில் மூன்றில் ஒரு பங்கை மாற்ற வேண்டியதாயிற்று. முதலில் மிச்சம் பிடித்த பணத்தைப்போலப் பல மடங்கு செலவு.

உடம்பைப் பற்றி: பாலியெஸ்டருக்கான வினையூக்கி ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இறுகுதலை விரைவுபடுத்தும் கோபால்ட் முடுக்கி தனியாக வந்தால் அதையும் வினையூக்கியையும் நேரடியாக ஒன்றுசேர்க்கவே கூடாது; வெடிக்கும். முடுக்கியைப் பிசினில் முழுதும் கலக்கிய பிறகே வினையூக்கி. ஸ்டைரீனைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு மிகுதி என்ற 2ஏ பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் சேர்த்தது. துணி முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். எப்பாக்சி மணக்கவில்லை என்று வெறுங்கையால் தொடாதீர்கள். ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. என்னிடம் வேலை செய்த ஒருவருக்கு மணிக்கட்டு வரை தடித்து, இப்போது டின் திறந்திருக்கும் அறைக்குள்கூட வர முடிவதில்லை. அவர் பட்டறைக்கு வெளியே மரம் அறுக்கும் வேலை செய்கிறார்.