கைநடுக்கம் அல்ல, கவலையே புள்ளியைக் குறைக்கிறது

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் கணித வினாத்தாளைப் பிரிக்கும் மாணவிக்கு, நேற்றிரவு பிழையின்றிச் செய்த இருபடிச் சமன்பாடு திடீரென்று பிடிபடாமல் போவதுண்டு. படித்ததெல்லாம் மறந்துவிட்டதென்று அவள் கலங்குகிறாள். பெரும்பாலும் அது மறதியன்று.

கணக்கின் இடைப்படிகளைச் சில விநாடிகள் மனத்தில் ஏந்திக்கொண்டே அடுத்த படிக்குச் செல்ல உதவுவது செயல்படு நினைவகம். அதன் கொள்ளளவு மிகச் சிறியது. 'இதில் சித்தியடையாவிட்டால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்' என்ற எண்ணம் ஓடத் தொடங்கியதும், ஒரே லயன் அறைக்குள் சமையலும் படிப்பும் நெருக்கியடிப்பதைப் போல, கவலையும் கணக்கும் அந்தச் சிற்றிடத்துக்குப் போட்டியிடுகின்றன.

பரீட்சைப் பதற்றத்தில் கவலை வேறு, உடற்கிளர்ச்சி வேறு என்பதை லீபர்ட், மொரிஸ் என்னும் உளவியலாளர்கள் 1967இல் பிரித்துக் காட்டினர். நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், புள்ளிகளைக் கூடுதலாகப் பாதிப்பது வெளியே தெரியாத கவலைதான்.

பல நாடுகளின் ஆய்வுகளில் மாணவிகளே கூடுதல் பதற்றத்தைத் தெரிவிக்கின்றனர். ஆயினும் அவர்களின் பெறுபேறுகள் அதே அளவுக்குத் தாழ்வதில்லை. கணிதம் தொடர்பாக கெட்ஸ் குழுவினர் ஜெர்மனியில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது: பொதுவாக எவ்வளவு பயம் என்று கேட்டபோது மாணவிகள் கூடுதலாகச் சொன்னார்கள், ஆனால் வகுப்பிலும் பரீட்சையிலும் அந்தந்தக் கணத்தில் கேட்டபோது இருபாலாரிடையே வேறுபாடு காணப்படவில்லை. தன் திறமையைக் குறைத்து மதிப்பிடும் பழக்கமே அந்தப் பொதுவான பதிலில் கலந்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

மாணவர்களின் நிலை வேறு. 'ஆம்பளப் பிள்ளைக்கு என்ன பயம்' என்று கேட்டே வளர்ந்தவன் பயத்தை ஒப்புக்கொள்வது அரிது. மாதிரி வினாத்தாள் நாளன்று வகுப்புக்கு வராமல் நின்றுவிடுகிறான். அதை நாம் சோம்பல் என்று எழுதிவிடுகிறோம் (மாணவியின் கண்ணீரை மட்டும் பதற்றம் என்கிறோம்). தவிர்ப்பதால் அப்போதைக்கு மனம் இலேசாகிறது; அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கத் தூண்டுகிறது, பயிற்சியும் குறைகிறது.

பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடங்கள் தம் கவலைகளை எழுதிய, பதற்றம் மிகுந்த மாணவர்கள் கூடுதல் புள்ளி பெற்றதை ராமிரெஸ், பைலொக் ஆகியோர் 2011இல் காட்டினர். நம் பாடசாலைகளில் அந்தப் பத்து நிமிடமும் தாழ்வாரத்தில் குறிப்புக் கொப்பியைப் புரட்டுவதிலேயே கழிகிறது. முயன்று பார்க்க ஒரு வெற்றுத்தாள் போதும். ஆசிரியர் அதை வாங்கிப் படிக்காதிருக்க வேண்டும்.