அது நீர்க்கட்டி இல்லை அம்மா, அந்த மாதத்து முட்டை

போன வாரம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, 18 வயது மகளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தார். ஐந்து மாதத்தில் நான்கு ஸ்கேன், நான்கையும் மேசையில் பரப்பினார். முதலில் வலது பக்கம் 21 மி.மீ., அடுத்தது இடது பக்கம் 19, திரும்ப வலது பக்கம் 23, கடைசியில் ஒன்றுமே இல்லை. "நீர்க்கட்டி இடம் மாறிக்கிட்டே இருக்கு டாக்டரம்மா" என்று அழுதார். பேசி முடித்த வரன் வேறு இதனால் நின்றுபோயிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு நோயும் இல்லை. மூன்று தாளில் இருந்ததும் மாதாமாதம் வளர்கிற முட்டைப் பை, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பை.

எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை, இன்னொரு தடவை எழுதுகிறேன். சினைப்பையில் மாதம் ஒரு சின்ன நீர்ப்பை வளரும், முட்டை அதற்குள்தான் இருக்கிறது. 18 முதல் 25 மி.மீ. வரை, ஏறக்குறைய இலந்தைப்பழம் அளவு வளர்ந்து வெடித்தால்தான் முட்டை வெளியே வரும். ரிப்போர்ட்டில் ஃபாலிக்கிள் என்று எழுதுவது இதைத்தான். வெடித்த இடத்தில் இன்னொரு பை உருவாகி 3 செ.மீ. வரைகூடப் போகலாம், மாதவிலக்கு வரும்போது அதுவும் சுருங்கிவிடும். ஸ்கேன் திரையில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், ஆகவே முட்டைப் பையும் கறுப்பு, நீர்க்கட்டியும் கறுப்பு. பிரித்துச் சொல்ல உதவுவது அளவும் ஸ்கேன் எடுத்த நாளும்தான். மாதவிலக்கு தொடங்கி 14-ஆம் நாள் வாக்கில் 20 மி.மீ. பை இருந்தால் அது சந்தோஷப்பட வேண்டிய சங்கதி. அதற்குத்தான் தேதி கேட்கிறோம். நாங்களும் "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க" என்றே கேட்டுப் பழகிவிட்டதால் பலர் மூன்றாம் நாளைச் சொல்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது உதிரம் பட்ட முதல் நாள்.

பி.சி.ஓ.எஸ். என்பது முட்டை சரியாக முதிராமல் போகிற ஒரு ஹார்மோன் கோளாறு; பாலிசிஸ்டிக் ஓவரி சின்ட்ரோம் என்ற அதன் பெயரிலேயே சிஸ்ட், அதாவது கட்டி, ஒட்டிக்கொண்டிருப்பது பெரிய தொல்லை. அதில் இருப்பவை கட்டிகளே இல்லை, 2 முதல் 9 மி.மீ. வரை, கொத்தமல்லி விதையிலிருந்து மணத்தக்காளிப் பழம் அளவுக்குள், பாதி வளர்ச்சியில் நின்றுபோன முட்டைப் பைகள். அவை வலிக்காது. வயிற்று வலி என்று வந்த பெண்ணிடம் "உனக்கு பி.சி.ஓ.எஸ்., அதான் வலி" என்று சொல்லி அனுப்பினால் உண்மையான காரணத்தைத் தேடுவது அங்கேயே நின்றுவிடுகிறது. வயதுக்கு வந்து 8 வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது என்று 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே சொன்னது, அந்த வயதில் பலருக்குச் சினைப்பை அப்படித்தான் தெரியும்.

சரி, அப்புறம் எது வலிக்கும்? முட்டை வெடிக்கும் நாளில் ஒரு பக்கம் சுருக்கென்று வலிக்கலாம், சில மணி நேரம், மிஞ்சினால் இரண்டு நாள். வெந்நீர் ஒத்தடம் போதும். மாதவிலக்கின்போது பள்ளிக்கூடத்துக்கே போக முடியாத வலி, தாம்பத்தியத்தில் வலி, மலம் கழிக்கும்போது வலி என்றால் அது வேறு, எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்கிற நோய் அது; சினைப்பையில் வந்தால் பழைய ரத்தம் தேங்கி சாக்லேட் சிஸ்ட் ஆகும். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் விடாதீர்கள், இந்த நோய் ஸ்கேனில் தெரியாமலும் இருக்கும்.

என்னைத் தூங்கவிடாத வலி இன்னொன்று. போன சம்பா நடவின்போது வயலில் குனிந்திருந்த ஒரு பெண்ணுக்குத் திடீரென்று அடிவயிற்றில் வலி, கூடவே வாந்தி. சூடு என்று வெந்தயத்தை விழுங்க வைத்து, தொப்புளில் விளக்கெண்ணெய் தடவி, மறுநாள் சாயங்காலம் கொண்டு வந்தார்கள். 8 செ.மீ. டெர்மாய்ட் கட்டியோடு (உள்ளே கொழுப்பு, முடி எல்லாம் இருக்கிற கட்டி) சினைப்பை முறுக்கிக் கறுத்திருந்தது. முறுக்கை அவிழ்த்துக் காத்திருந்து பார்த்தோம், ரத்த ஓட்டம் திரும்பவில்லை, எடுக்க வேண்டியதாயிற்று. முதல் சில மணி நேரத்தில் வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்.

ஆகவே ஒரு பக்க வலி திடீரென்று ஆரம்பித்து வாந்தி வந்தால், விட்டு விட்டு வலித்தாலும் சரி, 108-ஐக் கூப்பிடுங்கள். தலை சுற்றி மயக்கம் வந்தாலும் அதே. உள்ளே ரத்தம் கசியலாம், அல்லது கர்ப்பம் குழாயில் தங்கியிருக்கலாம். குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்றே என்று நாள் தள்ளிப்போனதை மறைக்காதீர்கள், கர்ப்பமா என்று பரிசோதனை செய்து பார்த்துவிடுவோம்.

தண்ணீர் மட்டும் இருக்கிற 5 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி மாதவிலக்கு நிற்காத பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே போய்விடும், கரைக்க மாத்திரை கிடையாது, கருத்தடை மாத்திரையும் அதைக் கரைக்காது. மாதவிலக்கு நின்றுபோன பிறகு தெரிகிற கட்டியை மட்டும் எவ்வளவு சின்னதானாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கட்டி என்று சொன்ன உடனே கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று கேட்கிற அம்மாக்களே, தயவு செய்து நிதானியுங்கள், கட்டி இருப்பது கர்ப்பப்பையிலேயே இல்லை.

முதலில் சொன்ன அந்த 18 வயதுப் பெண்ணிடம் வலி இருக்கிறதா என்று கேட்டேன். "மாசம் நடுவுல ஒரு நாள் சுருக்குங்கும், அவ்வளவுதான்" என்றாள். ஒரு தாளில் தமிழிலேயே எழுதினேன்: இயல்பான முட்டை வளர்ச்சி, நோய் எதுவும் இல்லை. அந்த அம்மா இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு சீல் வைத்துத் தரச் சொன்னார், வைத்துக் கொடுத்தேன்.