அந்த மூன்று வாரங்கள்

நான் குழந்தை மருத்துவத்தில் எம்.டி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் நெரிந்த ஒரு நாள் ஓபிக்கு ஆறு மாதக் குழந்தையோடு ஒரு அம்மா வந்தார். "தூங்கி எழுந்ததும் திடுக்கு திடுக்குன்னு தூக்கிப் போடுது சார். உரம் விழுந்திருக்கும்னு மாமியார் சொல்றாங்க." என் முன்னால் குழந்தை நன்றாகத்தான் இருந்தது. வயிற்றுவலி என்று நினைத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து செல்போனில் வீடியோவோடு வந்தார். தலை கவிழ்ந்து, கைகள் இரண்டும் விரிந்து, உடம்பு ஒரு நொடி மடங்குகிறது. சில நொடிகளில் மறுபடியும், அப்புறம் மறுபடியும். முகம் பார்த்துச் சிரித்த குழந்தை இப்போது சிரிக்கவில்லை.

அது வெஸ்ட் சிண்ட்ரோம். வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் சொந்த மகனிடம் கண்ட இந்த வலிப்பைப் பற்றி 1841இல் லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்துக்குள் தொடங்கும். ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்து, ஏ.சி.டி.எச். ஊசியோ பிரெட்னிசோலோனோ விகாபாட்ரினோ சீக்கிரம் தொடங்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். நான் தவறவிட்டது மூன்று வாரம். குழந்தை நரம்பியல்தான் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பாதை நீளமானது. ஹவுஸ் சர்ஜன் காலத்தோடு எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. 3, அதற்கு மேல் நரம்பியல் போன்ற ஒரு துறைக்கான சிறப்புப் படிப்பான டி.எம். 3. டி.எம். இடத்துக்கு நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்றவற்றுக்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். தனித் தேர்வு.

எங்கே சேரலாம் என்று ஜூனியர்கள் கேட்கும்போது, கல்லூரியின் பெயரையும் கட் ஆஃபையும் ஓரமாக வைக்கச் சொல்வேன். அங்கே படிக்கும் சீனியரிடம் போனில் பேசுங்கள். ஈஈஜியை நீங்களே படித்து ரிப்போர்ட் எழுதி, அதை ஒரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவாரா? தசைநோய், வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள குழந்தைகள் வருகிறார்களா? பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி அதே வளாகத்தில் உண்டா? எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், பார்த்த குழந்தையையே மூன்று வருடமும் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஓபி இருக்கிறதா என்பது. வார்டில் ஒரு வாரம் பார்த்தால் வலிப்பு நிற்பதுதான் தெரியும். அந்தக் குழந்தை உட்காருகிறதா, 'அம்மா' என்கிறதா என்பது அந்த ஓபியில்தான் தெரியும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தூங்கி எழும் நேரத்தில் இப்படி அடுக்கடுக்காகத் தூக்கிப் போட்டால், போர்வையை விலக்கி முழு உடம்பும் தெரிய வீடியோ எடுங்கள். ஒரு தடவையோடு நிறுத்தாமல், அடுத்தடுத்து வருவதும் பதிவாகட்டும். அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அவசரத்தில் இருந்தாலும், "இதைப் பாருங்க டாக்டர்" என்று போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.