இணைக் கணிப்பும் காற்றுவழிக் கடத்தலும்: ஒரு சொல் விளக்கம்

ஆல்பேட்டை சோதனைச் சாவடியை நெருங்கும் பஸ்ஸில் யாராவது ‘கடத்தல்’ என்று உரக்கச் சொன்னால், நான்கு பேராவது தங்கள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: மதுப்பாட்டில். அதனால் ‘கெமிக்கல் டிரான்ஸ்போர்ட் மாடல்’ என்பதை ‘வேதிப்பொருள் கடத்தல் மாதிரி’ என்று எழுத வரும்போதெல்லாம் எனக்குக் கை தயங்கும். ‘போக்குவரத்து’ என்று எழுதினாலோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் டேங்கர் லாரி போகும் காட்சி வந்து நிற்கிறது.

சொல்ல வந்தது வேறு. ஆலையின் புகைபோக்கியிலிருந்தோ வண்டியின் பின்குழாயிலிருந்தோ கிளம்பும் வாயுவைக் காற்று எங்கே கொண்டுபோகிறது, வழியில் அது என்னவாக மாறுகிறது, எங்கே தரையிறங்குகிறது என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் கணக்கு அது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரியும்போது கந்தக டை ஆக்சைடு வெளிவருகிறது. காற்றில் போகப்போக அதில் ஒரு பங்கு சல்பேட் நுண்துகளாகிறது. கரையோரத்தில் பிற்பகல் கடற்காற்று எதையும் உள்நாட்டுக்குத் தள்ளும்; இரவில் நிலக்காற்று கடலுக்கு இழுக்கும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் மீனவர்களுக்கு இந்தக் கணக்கின் பாதியைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிரான்ஸ்போர்ட் லத்தீனிலிருந்து வந்தது. ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால். ‘போர்ட்டாரே’ என்றால் சுமத்தல். தமிழில் ‘கட’ என்பதன் பிறவினை ‘கடத்து’: ஒன்றைக் கடக்கச் செய்வது. இதைவிட நெருக்கமான சொல் கிடைக்காது. தாவரத்தில் நீர் மேலேறுவதைப் பள்ளிப் பாடநூல் கடத்துதல் என்றே சொல்கிறது. குற்றம் சொல்லின் மேல் இல்லை, பாட்டிலின் மேல். ஆகவே முன்னால் ‘காற்றுவழி’ என்று ஓர் அடைமொழியைச் சேர்த்து, கடத்தலையே வைத்துக்கொள்கிறேன்.

மாடலுக்கு ‘மாதிரி’ வேண்டாம். ‘காற்று மாதிரி’ என்றால் சோதனைக்குப் பிடித்துச் செல்லும் காற்று என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘உருமாதிரி’ போதும்.

இந்தக் கணக்கைப் பல பங்காகப் பிரித்து ஒரே நேரத்தில் போடுவதற்கு ஆங்கிலத்தில் ‘பாரலல் கம்ப்யூட்டிங்’ என்று பெயர். இனி அந்தப் ‘பாரலல்’. கிரேக்கத்தில் ‘பாரா’ பக்கத்தில், ‘அல்லெலோன்’ ஒன்றுக்கொன்று. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். நம் பாடநூல் இதை இரண்டு விதமாகப் பெயர்த்திருக்கிறது. கணக்கு வகுப்பில் இணைகோடு, இணைகரம். மின்சுற்றுப் பாடத்தில் பக்க இணைப்பு. மூலத்துக்கு நேர் ‘பக்கம்’தான். ஆனாலும் இங்கே எனக்கு ‘இணை’ பிடிக்கிறது. காரணம், அந்தக் கணக்கு நடக்கும் விதம்.

வளிமண்டலத்தை வயல் போலப் பாத்தி பாத்தியாகப் பிரிக்கிறார்கள், மேலே அடுக்கடுக்காகவும். பக்கத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பெரிய பாத்திகளை வைத்தே உலகம் முழுவதற்கும் நெடுங்காலம் கணக்குப் போட்டார்கள். அதில் புதுச்சேரியும் கடலூரும் ஒரே பாத்தி. இரண்டிலும் ஒரே காற்று! பிரித்துப் பார்க்க வேண்டுமானால் பாத்தியைச் சிறிதாக்க வேண்டும். பக்கத்தைப் பாதியாக்கினால் பாத்திகள் 4 மடங்காகும். காலத் தப்படியையும், அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் தாண்டும் நேர இடைவெளியையும், பாதியாக்க வேண்டும் என்பதால் வேலை 8 மடங்கு. ஒவ்வொரு பாத்திக்குள்ளும் நூற்றுக்கு மேற்பட்ட சேர்மங்கள் வேறு: ஹைட்ராக்சில் ஏறக்குறைய ஒரு நொடியில் தீர்ந்துபோகும், மீத்தேன் பத்தாண்டு போலத் தங்கும். இரண்டையும் ஒரே கணக்கில் கட்டி மேய்க்க வேண்டும். கணினிக்குள் கணக்குப் போடும் ‘பிராசஸர்’, அதாவது செயலி, ஒன்றால் ஆகாது. பாத்திகளை நூறு, ஆயிரம் செயலிகளுக்குப் பங்கிட்டு ஒரே நேரத்தில் கணக்கிட வைக்கிறார்கள்.

வேதிவினைக்குப் பக்கத்துப் பாத்தி தேவையில்லை. அவரவர் வேலையை அவரவர் முடிக்கலாம். (விடியலும் அந்தியும் விழும் பாத்திகளில் வேலை கூடுதல்; அவற்றை ஏற்றுக்கொண்ட செயலி முடிக்கும்வரை மற்றவை கைகட்டி நிற்கும்.) ஆனால் காற்று மடை திறந்த நீரைப் போல அடுத்த பாத்திக்குப் பாய்கிறது. ஒவ்வொரு தப்படியிலும் அண்டைச் செயலிகள் எல்லைக் கணக்கைப் பரிமாறிக்கொண்டே ஆக வேண்டும். யூக்ளிடின் பாரலல் கோடுகள் எந்நாளும் சந்திப்பதில்லை. இந்தப் பாரலல் சந்திக்காவிட்டால் கணக்கே பிழை. தமிழ் ‘இணை’யில் அருகருகே நிற்பதும் உண்டு, ஒன்றோடொன்று சேர்வதும் உண்டு. ஆங்கிலச் சொல் விட்டதை அது பிடித்துக்கொள்கிறது.

கணினி வருமுன்பே, வானிலையைக் கணிக்க இதைக் கற்பனை செய்தவர் பிரிட்டிஷ் அறிவியலாளர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். 1922இல் அவர் எழுதியது: சுவரெங்கும் உலகப் படம் தீட்டிய பெரும் மண்டபம், அதில் 64,000 மனிதக் கணக்கர்கள், ஆளுக்கொரு சிறு பகுதி, நடுவில் ஒருவர் நின்று, முந்திப்போகிறவர்கள் மேல் ரோஜா நிற ஒளியும் பின்தங்குகிறவர்கள் மேல் நீல ஒளியும் பாய்ச்சுவார். மனிதக் கணக்கர் என்றதும் எனக்கு நினைவு வருவது புதுச்சேரி. 1825இல் இங்கே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணியர், தரையில் கிளிஞ்சல்களை அடுக்கி, வாய்ப்பாடுகளை நினைவிலிருந்தே சொல்லி, சந்திர கிரகணத்தைக் கணித்ததை வானியலாளர் ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். கூட்டிப் பெருக்குவதும் வரப்போவதைச் சொல்வதும் தமிழில் கணிப்புதான். எனவே ‘பாரலல் கம்ப்யூட்டிங்’ என்பதற்கு இணைக் கணிப்பு.

பரிமாறிக்கொள்ளும் அந்த எல்லையோரப் பாத்திகளுக்கு ஆங்கிலத்தில் ‘ஹேலோ’ என்று பெயர். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுகிறதே, அந்த வளையத்தின் பெயர்தான். அதுவும் கிரேக்கம், ‘ஹலோஸ்’ என்றால் முதலில் மாடுகள் சுற்றிவரும் போரடிக்கும் களம். அவர்கள் களத்திலிருந்து எடுத்தார்கள் என்றால் நான் வயலிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்: வரப்போரப் பாத்தி.