ஆச்சி வீட்டு டிவிக்கு வைஃபை எதற்கு?

சென்ற மாதம் ஒரு வீட்டிலிருந்து, நான் கொடுத்த கேபிள் பெட்டி வேலை செய்யவில்லை என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. பேரன் வாங்கி மாட்டிய 43 அங்குல ஸ்மார்ட் டிவியின் பின்னால், பெட்டியை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ ஒயர் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதை அழுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் செட்டிங்ஸையும் திறந்து பார்த்தேன். வைஃபை இணைந்திருந்தது.

"ஆச்சி, இதில் இன்டர்நெட் எல்லாம் பார்ப்பீர்களா?"

"எனக்கு எதற்கையா அதெல்லாம்? நீ கொடுக்கிற சீரியலே போதும்."

ஆச்சி என்ன சீரியல் பார்க்கிறார் என்பதை வெளியே சொல்லும் அனுமதி அந்த டிவியில் ஆனில் இருந்தது. ஆச்சிக்கு அது தெரியாது. பேரனுக்கும் தெரிந்திருக்காது.

1998 முதல் கேபிள் தொழிலில் இருக்கிறேன். அன்றைக்கு எங்கள் லைன் ஒருவழிப் பாதை. கன்ட்ரோல் ரூமிலிருந்து கம்பத்து ஆம்ப்ளிஃபயர் வழியாக வீட்டுக்குப் படம் போகும். வீட்டிலிருந்து எதுவும் திரும்பி வராது. யார் எதைப் பார்க்கிறார்கள், எத்தனை மணிக்கு அணைக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியாது, சேனல்காரருக்கும் தெரியாது. மொத்தம் எத்தனை வீடு என்பதே தெரியாது. 600 இணைப்பு இருந்தால் சேனல்காரரிடம் 200 என்று கணக்குக் கொடுத்த காலம் அது. நான் மட்டும் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பொய்க் கணக்கை ஒழிப்பதும் செட்டாப் பாக்ஸைக் கட்டாயமாக்கியதற்கு ஒரு காரணம். 2012இல் பெருநகரங்களில் தொடங்கியது, எங்கள் பக்கம் வந்து சேரப் பல வருடம் ஆனது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் வந்த பிறகு வீட்டுக் கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்பது அப்போதும் மர்மம்தான். அதனால்தான் நாடு முழுவதற்கும் சேர்த்து ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் மீட்டர் வைத்து, அதிலிருந்து டிஆர்பி கணக்கிடுகிறார்கள்.

இணையம் வழியே நிகழ்ச்சி காட்டும் ஓடிடி இந்த மர்மத்தை உடைத்துவிட்டது. அதில் ஒரே படத்தை எல்லா வீட்டுக்கும் சேர்த்து அனுப்புவதில்லை. நிகழ்ச்சியைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சர்வரில் வைத்திருப்பார்கள். உங்கள் டிவியில் உள்ள செயலி "அடுத்த துண்டைக் கொடு" என்று கேட்டுக் கேட்டு வாங்கும். நெட் வேகம் குறைந்தால் தரம் குறைந்த துண்டைக் கேட்கும். படம் திடீரென்று கலங்கித் தெளிவது அதனால்தான். இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டே காட்டுவதால் நேரலையும் பிந்தும். கிரிக்கெட் நாளில் எங்கள் தெருவுக்கு வந்தால் வேடிக்கையாக இருக்கும். கேபிள் வீட்டில் "சிக்ஸ்" என்று கத்துவார்கள். எதிர்வீட்டில் போனில் பார்ப்பவருக்கு அப்போதுதான் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியிருப்பார். இந்த ஒன்றில் மட்டும் இன்னும் நாங்கள்தான் முன்னால்.

கேட்டு வாங்குவதால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் பதிவாகிறது. எங்கே நிறுத்தினீர்கள், எந்தக் காட்சியில் வெளியேறினீர்கள் என எல்லாமே. விளம்பரக்காரருக்கு இது தங்கச் சுரங்கம். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் உரிமை ஏலத்தில் இந்தியத் துணைக்கண்டத்துக்கான டிவி உரிமை 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. இணைய உரிமைகள் அதைத் தாண்டி 23,758 கோடிக்குப் போயின. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கே என் மகனிடம் ஃபைபர் இன்டர்நெட் வேலையைக் கற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

சரி, செயலியில் பார்ப்பது செயலிக்குத் தெரிவது இயல்புதானே என்பீர்கள். ஆச்சி வீட்டு விஷயம் வேறு. பல ஸ்மார்ட் டிவிகளில் ஏசிஆர் என்றொரு வசதி இருக்கிறது. திரையில் ஓடும் படத்திலிருந்து சின்னச் சின்ன மாதிரிகளை எடுத்து, கைரேகை போன்ற ஒரு குறியாக்கி வெளியே அனுப்பும். அங்கே ஒப்பிட்டுப் பார்த்து இன்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எச்டிஎம்ஐ வழியே வரும் என் பெட்டியின் படத்தையும் பல மாடல்கள் இப்படிப் படிக்கும். கேபிள் ஒருவழிதான், ஆனால் டிவி இருவழி. அமெரிக்காவில் விஸியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் சரியாக அனுமதி பெறாமல் இப்படிச் சேகரித்தது என்ற வழக்கில், 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. நம் வீடுகளில் அனுமதியைப் பெரும்பாலும் நாமே கொடுத்துவிடுகிறோம்: டிவி மாட்ட வருபவர், முதல் திரையில் வரும் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார். நானும் அப்படி அடித்தவன்தான்.

இதை அணைக்கலாம். எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்றும், சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்' என்றும் இருக்கும். மற்றவற்றில் செட்டிங்ஸில் பிரைவசி என்ற பகுதிக்குள் தேடுங்கள். அணைப்பதால் படம் கெடாது, சேனல் போகாது.

இன்னொன்று, ஆட்டோபே. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதாமாதம் பணம் போகிறதே என்று பாஸ்புக்கோடு வந்தார். ஒரு செயலியின் இலவச மாதத்துக்காக யுபிஐயில் சம்மதம் கொடுத்திருக்கிறார். பிடிக்காமல் செயலியை நீக்கியும் விட்டார். செயலியை நீக்கினால் சம்மதம் நீங்காது. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. அவருக்கும் அது வந்திருந்தது, படிக்காத 800 குறுஞ்செய்திகளுக்கு நடுவே.

ஆச்சி வீட்டில் அன்று அவசரத்தில் வைஃபையையே துண்டித்துவிட்டு வந்துவிட்டேன். இரவு பேரன் பெங்களூரிலிருந்து அழைத்தான். "அண்ணே, ஆச்சிக்கு யூடியூபில் பழைய பாட்டு வரவில்லையாம், என்ன செய்தீர்கள்?" மறுநாள் காலை போய் வைஃபையைத் திரும்ப இணைத்து, அந்த அனுமதியை மட்டும் அணைத்தேன். ஆச்சி டீ கொடுத்தார்.