கொஞ்ச நேரம் வேகம், கொஞ்ச நேரம் ஓய்வு: எல்லா வயதுக்கும் ஏற்ற பயிற்சி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து முட்டி வலியோடு வருபவர்களிடம் "தினமும் நடக்கிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "முக்கால் மணி நேரம் நடக்கிறேன் சார்" என்பது ஒன்று. "முடியலை, விட்டுட்டேன்" என்பது இன்னொன்று. முதல் ஆள் பக்கத்தில் வருபவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒரே சீராக நடக்கிறார். மாதக்கணக்கில் நடந்தும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டாவது ஆளிடம், நின்று நின்று நடப்பதும் பயிற்சிதான் என்று யாரும் சொன்னதில்லை. இயன்முறை மருத்துவராக இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கொஞ்ச நேரம் வேகம், கொஞ்ச நேரம் ஓய்வு, மறுபடியும் வேகம்.

ஓட்டப்பந்தய வீரர்கள் இப்படிப் பழகுவது புதிதல்ல. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாடோபெக் 400 மீட்டரை வேகமாக ஓடி, சற்றுத் தணிந்து, திரும்பவும் வேகமாக ஓடிப் பயிற்சி எடுத்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். இதைக் கேட்டால் நமக்கு ஆகாத சமாச்சாரம் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசேயின் குழு இதே முறையை நடைக்குக் கொண்டுவந்தது. சராசரி வயது 63 உள்ள 246 பேரை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. 3 நிமிடம் வேக நடை, 3 நிமிடம் மெது நடை. இப்படி ஐந்து சுற்று, வாரத்தில் நான்கு நாள், ஐந்து மாதம். முட்டியை நீட்டும் தசைகளின் பலம் 13 சதவீதமும், மடக்கும் தசைகளின் பலம் 17 சதவீதமும் கூடின. ரத்த அழுத்தமும் குறைந்தது. ஒரே சீராக நடந்தவர்களுக்கு இந்த அளவு பலன் கிடைக்கவில்லை.

காரணம் எளிது. பழகிய வேலையை மட்டும் கொடுத்தால் இதயமும் தொடைத் தசையும் அப்படியேதான் இருக்கும். அதற்கு மேல் கொடுத்தால் பலம் கூடும், ஆனால் அந்த வேகத்தில் ஒரு அறுபது வயதுக்காரரால் அரை மணி நேரம் தொடர்ந்து நடக்க முடியாது. நடுவில் மூச்சு ஆறவிட்டால் அதே வேகத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பதினைந்து நிமிடம் நடந்துவிடலாம். ஓய்வை வீண் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள், வேகத்தைச் சாத்தியமாக்குவதே அதுதான்.

எவ்வளவு வேகம்? மெது நடையில் தாராளமாகப் பேச முடிய வேண்டும். வேக நடையில் நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்க வேண்டும். இருபது வயதில் அது ஓட்டமாக இருக்கும், எழுபதில் வீட்டு வாசலில் எட்டி நடப்பதாக இருக்கும். இரண்டும் சரிதான். நாடித்துடிப்பை எண்ணிப் பார்க்கலாம்தான். ஆனால் பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் அடெனலால், மெட்டோபுரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது. வாட்ச் காட்டும் எண்ணை நம்பி அவர்கள் வேகத்தைக் கூட்டிவிடக் கூடாது. பேச்சும் மூச்சும்தான் அவர்களுக்கு நல்ல அளவுகோல்.

செல்போனில் வரும் "நாலே நிமிடப் பயிற்சி" வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. 20 வினாடி உச்ச வேகம், 10 வினாடி ஓய்வு என்ற அந்த முறை ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாடா 1996-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. உடல் பழகிய இளைஞர்களை வைத்துச் சோதித்தது அது. ஐம்பது வயதில் முதல் நாளே அதில் குதிக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குத் தனியாக எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. கபடியில் ஒரு ரெய்டு அதிகபட்சம் 30 வினாடி. முழு மூச்சோடு பாடிப் போய்த் திரும்பி வந்து நிற்கிறான், அடுத்த முறை வரும்போது மறுபடி பாய்கிறான். இதுவும் அதே பயிற்சிதான். விளையாட்டு பீரியடைப் பிடுங்கிக் கணக்குப் போடச் சொல்லாமல் இருந்தால் போதும்.

நம் மாவட்டங்களில் தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள் ஃபுளோரைடு பாதிப்பு உள்ளவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வரும்வரை பல ஊர்களில் ஃபுளோரைடு அதிகமுள்ள போர் தண்ணீர்தான் குடிநீர். அதைக் குடித்தே வளர்ந்தவர்களில் சிலருக்குப் பாதிப்பு பல்லில் கறையோடு நிற்கவில்லை. கழுத்தும் முதுகும் விறைத்து, முட்டியும் முழுசாக மடங்காது. எலும்பில் ஏறிய ஃபுளோரைடைப் பயிற்சி கரைக்காது. ஆனால் வலிக்கிறதென்று உட்கார்ந்தே இருந்தால் தசையும் மெலிந்து, எழ ஒரு ஆள் துணை தேவைப்படும். இவர்களுக்குக் குதிப்பது, வலுக்கட்டாயமாகக் குனிவது இரண்டும் கூடாது. கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோரம் போட்டு, 30 வினாடி எழுந்து எழுந்து உட்கார்வது, ஒரு நிமிடம் ஓய்வு, அப்புறம் திரும்பவும். "எந்திரிக்கவே முடியலைன்னுதானே வந்தேன், எந்திரிக்கச் சொல்றியே?" என்று பெரியம்மாக்கள் கேட்பார்கள். இருக்கையில் இரண்டு தலையணை போட்டு உயர்த்திக் கொடுத்தால் எழுந்துவிடுவார்கள். வாரங்கள் போகப் போகத் தலையணையை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பிரஷர் கட்டுப்படாதவர்கள், சுகரால் கண்ணில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. இன்சுலினோ, கிளைமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேக நடை போனால் சுகர் சரசரவென இறங்கும். கையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி, இயன்முறை மருத்துவம் படித்து முடித்துவிட்டு ஊரில் என்ன செய்வது என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு. ஜிம் வைத்தால் இருபது வயதுப் பையன்களுக்காகப் பக்கத்துத் தெரு ஜிம்மோடு போட்டி போட வேண்டும். அறுபது தாண்டியவர்களை அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது, நடமாட முடியாதவர்களுக்குப் பயிற்சியும் வருகிறது. மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு நடமாடவும் முடிகிற பெரிய கூட்டம் நடுவில் நிற்கிறது. அவர்களுக்கான வகுப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. உங்கள் தொழில் அங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

பெரிய முதல் தேவையில்லை. பத்து நாற்காலி, ஒரு விசில், பிரஷர் மெஷின், சுகர் பார்க்கும் கருவி, நிழலான ஓர் இடம். நேரத்தை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, சமைத்துவிட்டு, காட்டுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவர்கள். காலை ஆறு மணி வகுப்புக்கு அவர்கள் வர மாட்டார்கள், மாலை ஐந்தரை என்றால் வருவார்கள். ஓசூரில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு, ஷிப்டு மாறும்போது வகுப்பு நேரமும் மாற வேண்டும்.

முதல் நாளே எல்லோருக்கும் 30 வினாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ணி, பிரஷரோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை திரும்ப எண்ணி, அந்தப் பக்கத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.