கார் பானெட்டில் வெள்ளை வளையம் விழுவது எப்படி?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டில் மூன்று வண்டிகள்: கருநீலக் கார், மகனுடைய மேட் கறுப்பு புல்லட், அப்பா காலத்து அம்பாசடர். மூன்றுக்கும் ஒரே ஷாம்பூவும் ஒரே வேக்ஸும் போதுமா? ஆயுத பூஜைக்காக விலை கூடிய வேக்ஸ் வாங்கிப் போட்டும், அடுத்த வாரமே காரின் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்துவிட்டதே, டப்பா போலியா?

டப்பாவின் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் பக்கெட்டில் இருந்த தண்ணீரை விசாரிக்க வேண்டும். அதற்கு வருவோம். முதலில் வண்டியின் தோலைப் பற்றி இரண்டு வார்த்தை.

இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். நாம் தொடுவதும் தேய்ப்பதும் அந்தக் கிளியர் கோட்டை மட்டும்தான். அதன் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துத்தான் கீறலை மறைக்கின்றன. வேக்ஸ் எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு படலம் போடுகிறது. கடையில் இரண்டையும் ‘பாலிஷ்’ என்றே சொல்லி விற்பார்கள். வாங்கும்போது இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஷாம்பூவின் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு முனைக்கு எண்ணெய் பிடிக்கும்; அழுக்கைச் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு கொண்டுபோய்விடும். கார் ஷாம்பூவில் கூடுதலாக வழுக்கும் தன்மை இருக்கும். அது முக்கியம். ரோட்டுத் தூசியில் குவார்ட்ஸ் மணல் உண்டு; கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. கிளியர் கோட் அதன் முன் மிக மிருதுவானது. காய்ந்த தூசியை அப்படியே துணியால் துடைத்தால் ஒவ்வொரு மணலும் ஒரு கோடு போடும். வெயிலில் கறுப்புக் காரின் மேல் சிலந்தி வலை மாதிரி தெரிவது இந்தக் கோடுகளே.

பாத்திரம் கழுவும் லிக்விட் சமையல் எண்ணெயை எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. வேக்ஸையும் அது விட்டுவைக்காது. துணி துவைக்கும் பவுடரில் சோடா கலந்திருப்பதால் காரம் அதிகம். அலுமினியப் பாகங்களுக்கு அது ஆகவே ஆகாது. லேபிளில் பி.எச். நியூட்ரல் (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று போட்டிருக்கும் சாதாரண ஷாம்பூ எந்த வண்டிக்கும் போதும். இதில் விலை உயர்ந்ததைத் தேட வேண்டியதில்லை.

வேக்ஸ் சங்கதி இன்னும் சுவையானது. பேஸ்ட் வேக்ஸ் டப்பாக்களில் பெருமையாக எழுதப்பட்டிருக்கும் கார்னோபா என்பது பிரேசிலின் வடகிழக்கில், பியாவி, சியாரா மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் ஊறும் மெழுகு. கோடையில் இலையின் ஈரம் போய்விடாமல் இருக்க அந்த மரம் போட்டுக்கொள்ளும் போர்வை அது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கார்னோபா 82 முதல் 86 டிகிரி வரை தாங்கும். நம் ஊர் மே மாத வெயிலில் கறுப்பு பானெட் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம் என்பதால் இந்த வித்தியாசத்துக்குப் பொருள் இருக்கிறது. கார்னோபா தனியாக இருந்தால் துணியால் தேய்த்துப் பூச முடியாத அளவு கெட்டி. அதனால் டப்பாவில் கணிசமான பங்கு கரைப்பானும் எண்ணெயும்தான். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை கரைப்பானுடையது.

வேக்ஸ் போட்ட பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். விளம்பரத்தில் இதைத்தான் காட்டுகிறார்கள். நல்ல வேக்ஸுக்கு இது அடையாளம் என்று நாமும் நம்பிவிட்டோம். ஒரு துளி முத்தாக நிற்பதற்கும், அது வழுக்கி ஓடிவிடுவதற்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் அந்த இடைவெளிதான்.

துளியின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில் ஒரு கோணம் உண்டாகிறது. அதைத் தொடுகோணம் என்கிறோம். தண்ணீர், காற்று, பரப்பு மூன்றுக்கும் இடையே நடக்கும் இழுபறியில் இந்தக் கோணம் தீர்மானமாகிறது என்பதை 1805-இல் தாமஸ் யங் விளக்கினார். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் பரவிவிடும், கோணம் மிகச் சிறியது. மெழுகின் மேல் 100 டிகிரிக்குச் சற்று மேலே போகும். வழவழப்பான பரப்பில் எந்த வேதிப்பொருளைப் பூசினாலும் 120 டிகிரிக்கு மேல் தாண்டுவதில்லை. தாமரை இலை 150-ஐத் தாண்டுகிறது என்றால், அங்கே மெழுகோடு நுண்ணிய மேடுகளும் சேர்ந்து வேலை செய்கின்றன; துளி பெரும்பாலும் காற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இதைத் தெளிவாக எடுத்துக் காட்டிய பார்ட்லாட், நைன்ஹூயிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர்களின் கட்டுரை 1997-இல் வந்தது. வேக்ஸ் போட்ட கார் ஒருபோதும் தாமரை இலை ஆகாது. அதன் பரப்பு வழவழப்பாக இருக்கிறது, அப்படி இருந்தால்தான் பளபளக்கவும் முடியும்.

இனி கார் கதவில் ஒட்டி நிற்கும் ஒரு துளியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கீழ்ப்பக்கம் தொப்பை போட்டிருக்கும், மேல்பக்கம் மெலிந்து சரிந்திருக்கும். கீழே கோணம் பெரிது, மேலே சிறிது. புவியீர்ப்பு இழுத்தும் அது விழாமல் நிற்பதற்கு இந்த இரண்டு கோணங்களின் வித்தியாசம்தான் காரணம். பரப்பில் தூசி, கீறல், பழைய வேக்ஸின் திட்டு என்று எது இருந்தாலும் துளியின் ஓரம் அதில் மாட்டிக்கொள்ளும். வித்தியாசம் எவ்வளவு குறைவோ, துளி அவ்வளவு சுலபமாக ஓடும். ஆக, நல்ல வேக்ஸை முத்தின் உயரத்தை வைத்து அளக்கக் கூடாது. துளி எவ்வளவு சின்னச் சரிவில் நகரத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கதவில் கறை குறைவாகவும் பானெட், கூரை, டிக்கி மூன்றிலும் அதிகமாகவும் இருப்பது ஏன் என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

ஓடாமல் நின்ற துளிக்கு என்ன ஆகிறது? காபி சிந்திய மேஜையை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கறையில் நடுப்பகுதி வெளிறியும் ஓரம் மட்டும் கருத்த வளையமாகவும் இருக்கும். துளியின் ஓரம் மாட்டிக்கொண்டுவிட்டதால் அதனால் சுருங்க முடியவில்லை. ஓரத்தில் தண்ணீர் மெல்லிய படலமாக இருப்பதால் அங்கே ஆவியாதல் வேகமாக நடக்கிறது. போன தண்ணீரை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டம் காபித் தூளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் விளிம்பில் குவிக்கிறது. குவிந்த தூள் அந்த விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. துளி தன்னைத் தானே ஆணியடித்துக்கொள்கிறது! சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் சகாக்களும் இதை விளக்கி நேச்சர் இதழில் எழுதினார்கள். அதுவும் அதே 1997.

பானெட்டின் மேலும் இதுதான் நடக்கிறது, காபித் தூளுக்குப் பதிலாகத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சிய உப்புகள். வேக்ஸ் புதிதாக, சுத்தமாக இருந்தால் துளி காயக் காய ஓரம் உள்ளே நகர்ந்து, கடைசியில் சின்ன வெள்ளைப் பொட்டாக முடியும். வேக்ஸ் தேய்ந்து, தூசி ஏறிய இடத்தில் ஓரம் நகராது, அகலமான வளையம் விழும். உங்கள் பானெட்டில் இருப்பது பொட்டா வளையமா என்று பார்த்தே வேக்ஸின் நிலையை ஓரளவு சொல்லிவிடலாம்.

காபிக் கறையை ஆராய்ச்சி செய்ய யார் பணம் கொடுப்பார்கள் என்று நம் ஊரில் கேட்பார்கள். ‘இதனால் என்ன பயன்’ என்ற கேள்விக்கு விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே பதில் எதிர்பார்க்கும் முறையில் டீகனின் வேலை நடந்திருக்காது. இங்க்ஜெட் அச்சில் மை சீராகக் காய வேண்டும் என்று போராடுகிறவர்களும், ஒரு துளி ரத்தம் காயும் விதத்தை ஆராய்கிறவர்களும் இன்று அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, உருண்டைத் துகள்களுக்குப் பதில் நீள்வட்டத் துகள்களைப் போட்டால் வளையமே விழுவதில்லை என்று காட்டியது. நம் கல்லூரி ஆய்வகங்களில் ஒரு நுண்ணோக்கியும் ஒரு கேமராவும் இருந்தால் செய்யக்கூடிய அறிவியல் இது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கல்லூரிக்காவது இப்படிப்பட்ட சிறு ஆய்வுகளுக்குக் கேள்வி கேட்காமல் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெயிலில் கழுவினால் துளிகள் லென்ஸாகி பெயின்ட்டைச் சுட்டுவிடும் என்றும் சொல்வார்கள். ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத் குழு 2010-இல் இதே கேள்வியை இலைகளை வைத்து ஆராய்ந்தது. வழவழப்பான இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளி இலையைச் சுடுவதில்லை. ஒளி குவியும் இடம் பரப்பைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. பெயின்ட்டின் மேலும் துளி அப்படித்தான் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் கழுவக் கூடாது என்ற முடிவு மட்டும் சரி. சூடான தகட்டில் துளி துடைப்பதற்குள் காய்கிறது. சூட்டில் கரியமில வாயு வெளியேறி, கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் கரையாத கார்பனேட்டாக மாறி ஒட்டிக்கொள்கிறது. கீசருக்குள் படியும் அதே வெள்ளைப் படிவு.

ஆயுத பூஜை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் காரத்தன்மை உள்ளது. குழைத்து பானெட்டில் வைத்து நாள்கணக்கில் விட்டால் கறை பிடிக்கும். கண்ணாடியில் வையுங்கள், துடைத்தால் போய்விடும். பொட்டு வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று தேய்ந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, தண்ணீர். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை; வேறு வழியில்லை என்றால் 2000 வரை அனுமதி. போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது இந்தக் கரைந்த உப்பின் அளவு, 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுவி முடித்த காரின் மேல் கால் லிட்டர் தண்ணீர் துடைக்காமல் நின்றால் கால் கிராம் உப்பு பெயின்ட்டின் மேலேயே தங்கிவிடும். எந்த வேக்ஸும், ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போடும் செராமிக் கோட்டிங்கும் இதைத் தடுக்காது. பல வீடுகளில் ஆர்.ஓ. மெஷினின் கழிவுநீரைப் பிடித்து வண்டி கழுவுகிறார்கள். நீரைச் சேமிக்கும் நோக்கம் நல்லதுதான், ஆனால் உப்பெல்லாம் அந்தப் பக்கம்தான் ஒதுங்குகிறது. நான்கில் ஒரு பங்கு நல்ல தண்ணீராகப் பிரிந்தால், மிச்சத்தின் டி.டி.எஸ். 1000-லிருந்து 1300-ஐத் தாண்டிவிடும். அதைச் சக்கரத்துக்கும் மிதியடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக அலசுவதற்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர் அது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. அலசும்போது ஹோஸ் முனையில் பீச்சும் மூடி வேண்டாம். மெதுவாக ஊற்றினால் தண்ணீர் ஒரே படலமாக வழிந்து, நின்ற துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஏற்கெனவே விழுந்த வளையத்துக்கு வெள்ளை வினிகரைச் சரிபாதி தண்ணீர் கலந்து, நிழலில், ஒரு நிமிடம் ஈரத்துணியாகப் போட்டு எடுத்து நன்றாக அலசலாம். கார்பனேட் கரைந்துவிடும். சல்பேட் படிவு இதற்கு மசியாது. அதற்குத்தான் லேசான பாலிஷ். அதன் பிறகு புது வேக்ஸ்.

கருநீலக் காருக்குக் கார்னோபா பேஸ்டோ, வேக்ஸுக்குப் பதிலாகப் பூசும் செயற்கையான பாலிமர் சீலன்ட்டோ எதுவானாலும் சரி. பாலிமர் கூடுதல் நாள் நிற்கும். ‘கிளீனர் வேக்ஸ்’ என்று எழுதியிருந்தால் உள்ளே உராய்வுத் துகள் இருக்கிறது என்று பொருள். மாதாமாதம் போட வேண்டாம். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் வேக்ஸ் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அப்பா காலத்து வண்டி என்றால் பெரும்பாலும் கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்ட்டாக இருக்கும். மங்கிப்போன மேல்தோலை கிளீனர் வேக்ஸால் தேய்க்கும்போது துணியில் வண்டியின் நிறம் வரும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். அதே நிறம் புதுக் காரைத் தேய்க்கும்போது வந்தால் உடனே நிறுத்துங்கள், கிளியர் கோட் போய்விட்டது.

மேட் புல்லட்டுக்கு வேக்ஸும் கூடாது, பாலிஷும் கூடாது. அதன் மேல்பரப்பில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால்தான் அந்த மங்கல் அழகு. வேக்ஸ் பள்ளத்தை அடைக்கும், பாலிஷ் மேட்டை மழுக்கும். பெட்ரோல் டேங்கில் முட்டி உரசும் இடம் மட்டும் நாளாக ஆகப் பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பளபளப்பைத் திரும்ப மங்கலாக்க வழியில்லை. ஷாம்பூ, நல்ல தண்ணீர், ஒற்றி எடுக்கும் துணி மூன்றும் போதும். பாதுகாப்பு வேண்டுமென்றால் மேட் பெயின்ட்டுக்கென்றே விற்கும் சீலன்ட் வாங்கலாம். பைக்குக்கு எந்த ஸ்பிரே வாங்கினாலும் துணியில் அடித்துத் துடைக்கச் சொல்லுங்கள், வண்டி மேல் நேராக அடிக்கக் கூடாது. சிலிகான் கலந்த ஸ்பிரே பிரேக் டிஸ்கிலோ டயர் தரையில் படும் பகுதியிலோ பட்டால் பிடிமானம் போய்விடும்.